ஈரச் சுவரும் உலர்ந்த சுவரும்

நேயர்களே, நீங்கள் இருந்து இப்பேச்சைக் கேட்கும் அறையின் சுவரை ஒருமுறை நோக்குங்கள். அது கல்லினாலோ செங்கல்லினாலோ எழுந்ததாயின், அதன்மேல் ஒரு பூச்சு இருக்கும். யாரோ ஒரு மேசன் சாந்தகப்பையினாற் சாந்தை அள்ளி அப்பி, மட்டம் பார்த்து இழுத்து, நீர் தெளித்துத் தேய்த்து முடித்த பூச்சு அது. கொழும்பிலுள்ள புதிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் இருந்து கேட்பவராயின், பக்கத்திலுள்ள சுவரை விரல் முட்டியினால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெறுமை ஒலிக்கக்கூடும். அச்சுவரிற் கல்லும் இல்லை. மேசன் பூசிய சாந்தும் இல்லை. இரு காகிதத் தாள்களுக்கு நடுவே ஜிப்சம் என்னும் கனிப்பொருளை இறுக்கிச் செய்த பலகையே அங்குச் சுவராக நிற்கின்றது. அமெரிக்கர் இதனை 'ட்ரைவோல்' என்பர். உலர்ந்த சுவர் என்பது அதன் பொருள்.

ஈரச் சுவர் இருந்த இடத்தில் உலர்ந்த சுவர் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதையே இன்று கூற விழைகின்றேன். இப்பலகை தோன்றியதற்கும் பரவியதற்கும் காரணம் ஒன்றே. அது காலத்தை மிச்சப்படுத்தியது. அவ்வாறு மிச்சமான காலம் யாருடைய கணக்கிற் சேர்ந்தது என்னும் வினாவையும் அக்கதையோடு சேர்த்தே கேட்க வேண்டியிருக்கின்றது.

சுவருக்குப் பூச்சிடும் வழக்கம் மிகப் பழையது. ஜோர்தான் நாட்டின் தலைநகராகிய அம்மானுக்கு அருகே, அயின் கஸால் என்னுமிடத்தில் 1983ஆம் ஆண்டு மண்ணுக்குள்ளிருந்து மனித உருவங்கள் சில வெளிப்பட்டன. நாணற் கட்டின்மேற் சுண்ணாம்புச் சாந்தை அப்பிச் செய்யப்பட்ட அவ்வுருவங்களுக்கு எண்ணாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வயது உண்டு. அங்கு வாழ்ந்த மக்கள் தம் வீட்டு நிலத்துக்கும் அதே சாந்தைப் பூசியிருந்தனர். எகிப்தியரோ, தம் பெரிய பிரமிட்டின் கற்களுக்கிடையே ஜிப்சத்தைச் சுட்டுச் செய்த சாந்தை இட்டனர்.

சுண்ணாம்பும் ஜிப்சமும் பார்வைக்கு உறவினர் போன்றன, குணத்தில் வேறானவை. சுண்ணாம்பு பெறுவதற்குக் கல்லையோ சங்கையோ சூளையிலிட்டுக் கடுந்தீயிற் சுடல் வேண்டும். பூசிய பின்னர் அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிது சிறிதாக உண்டு, மீண்டும் கல்லாகின்றது. அதற்கு வாரங்களும் மாதங்களும் செல்லும். நம் சித்த வைத்தியர் கற்பூரச் சிலாசத்து என்று வழங்கும் ஜிப்சத்துக்கு அத்துணைத் தீ வேண்டா. ஏறக்குறைய 150 பாகை செல்சியஸ் வெப்பம் போதும். அதன் பளிங்கினுள்ளே அடைபட்டிருக்கும் நீரில் முக்காற் பங்கு ஆவியாகப் போய்விடும். எஞ்சும் வெண்பொடியில் நீர் வார்த்துக் குழைத்தாற் சில நிமிடங்களில் அது இறுகி, இழந்த நீரை மீளப் பெற்றுப் பழைய கல்லாகின்றது. பாரிஸ் நகரின் மொன்மார்த்துக் குன்றில் இக்கல் மிகுதியாக வெட்டப்பட்டமையால், இப்பொடி பாரிஸ் சாந்து என்று உலகெங்கும் பெயர் பெற்றது.

ஜிப்சத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதன் நிறையில் ஐந்திலொரு பங்கு நீர். தீப்பிடித்த வேளையில் அந்நீர் ஆவியாகி வெளியேறும் வரையில், சுவரின் மறுபுறத்து வெப்பம் நீர் கொதிக்கும் அளவைத் தாண்டி அதிகம் ஏறுவதில்லை. 1666இல் இலண்டன் மாநகர் எரிந்து சாம்பராயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, பாரிஸ் நகரின் மரச்சட்ட வீடுகள் சாந்துப் பூச்சுப் பெறல் வேண்டும் என்று பிரெஞ்சு அரசு கட்டளையிட்டது. பூச்சு என்பது அழகுக்காக மட்டும் இடப்படுவதன்று என்பதை அக்கட்டளையிலிருந்து அறியலாம்.

இனி, அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்குக் காடு மிகுதி. ஆதலால் வீடுகளை மரச்சட்டங்களால் எழுப்பினர். சட்டங்களுக்குக் குறுக்கே மெல்லிய மரக்கீற்றுகளைச் சிறு இடைவெளி விட்டு வரிசையாக ஆணியடிப்பர். அவற்றின்மேற் சாந்தை அழுத்திப் பூசும்போது, அது இடைவெளிகளினூடே பிதுங்கிப் பின்புறத்தில் வளைந்து பற்றிக்கொள்ளும். முதற் பூச்சுப் பிடிப்புக்காக, இரண்டாவது மட்டத்துக்காக, மூன்றாவது மினுக்கத்துக்காக. ஒன்று காய்ந்த பின்னரே மற்றொன்று. மழைக்காலமாயினும் பனிக்காலமாயினும் காய்வதற்கு இன்னும் நாளாகும். அதுவரை தச்சரும் வர்ணம் பூசுவோரும் காத்திருக்க, வீட்டுக்குடையவர் வட்டி கட்டிக்கொண்டிருப்பார். பூச்சுவேலை பழகுவதற்கோ ஆண்டுகள் பல செல்லும். கைத்திறன் உடையவனுக்கு அதற்கேற்ற கூலியும் மதிப்பும் இருந்தன.

இந்த இடத்திலேதான் ஒகஸ்டின் சக்கற் என்பவர் புகுந்தார். ரென்சலர் தொழினுட்பக் கழகத்திற் கற்று, உள்நாட்டுப் போர்க்காலத்திற் கடற்படையிற் பணியாற்றியவர் அவர். 1894ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் திகதி, வீட்டின் உட்சுவரை மூடுவதற்கான பலகை ஒன்றுக்கு அவர் காப்புரிமை பெற்றார். கம்பளி கலந்த தடித்த தாள்களை அடுக்கி, அவற்றின் இடையிடையே ஜிப்சச் சாந்தை ஊட்டி அழுத்தியதே அப்பலகை. 36 அங்குலச் சதுரமும் கால் அங்குலத் தடிப்பும் உடையது. அதன் ஓரங்கள் மூடப்படாதிருந்தமையால் எளிதில் உதிர்ந்தன.

சக்கற்றின் பலகை சாந்துப் பூச்சை ஒழிக்கும் என்று அக்காலத்தில் எவரும் கருதவில்லை. மரக்கீற்றுகளுக்குப் பதிலாக அதனை அறைந்து, மேலே வழக்கம்போற் பூச்சிட்டனர். மூன்று பூச்சு வேண்டிய இடத்தில் ஒன்றோ இரண்டோ போதுமாயிற்று, அவ்வளவே. 1902இல் தோன்றிய யுனைற்றட் ஸ்ரேற்ஸ் ஜிப்சம் கம்பனி, 1909இற் சக்கற்றின் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. தாளை மடித்து ஓரத்தை மூடும் முறை விரைவில் வந்தது. அடுக்குகள் குறைந்து, ஒரே சாந்துப் படையும் இருபுறமும் இரு தாள்களும் என்னும் இன்றைய வடிவம் அமைந்தது. 1917 முதல் 'ஷீற்றொக்' என்னும் வணிகப் பெயரோடு அது விற்பனையாயிற்று. பூச்சு வேண்டா, பலகையே சுவர் என்பதுதான் இப்போது வணிகர் கூறிய புதுமொழி.

மக்கள் அதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பலகைச் சுவர் ஏழையின் சுவர், தற்காலிகக் கொட்டிலுக்கு உரியது என்னும் எண்ணம் நெடுநாள் இருந்தது. அதற்கு ஒரு காரணம் மூட்டு. இரு பலகைகள் சந்திக்கும் கோடு எப்படியும் கண்ணிற் படும். தொடக்கத்தில் அக்கோட்டின்மேல் மரச்சட்டம் வைத்து மறைத்தனர். சுவர் பெட்டி பெட்டியாகத் தோன்றியது. பின்னர், பலகையின் ஓரத்தைச் சிறிது மெலிதாக்கி, அப்பள்ளத்திற் சாந்துக் களியிட்டுக் காகித நாடாவைப் பதித்து, மேலும் களியிட்டு மட்டமாக்கும் முறை பரவியது. 1933, 1934ஆம் ஆண்டுகளிற் சிக்காகோவில் நிகழ்ந்த நூற்றாண்டு முன்னேற்றக் கண்காட்சியின் மண்டபங்களை விரைந்து எழுப்புவதற்கு ஜிப்சம் பலகை பெரிதும் உதவிற்று. பார்த்துச் சென்றோர் பல இலட்சம். அப்பலகைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேறு வேண்டியிருக்கவில்லை.

ஆயினும், பழைய பூச்சைப் பின்தள்ளியது இரண்டாம் உலகப் போரே. போர்க்காலத்திற் படைமுகாம்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் நாட்கணக்கில் எழவேண்டியிருந்தன. கைதேர்ந்த பூச்சுக்காரரோ போர்முனைக்குச் சென்றுவிட்டனர். போர் முடிந்ததும் திரும்பி வந்த இலட்சக்கணக்கான போர்வீரருக்கு வீடு வேண்டியிருந்தது. நியூயோர்க்கின் அயலிலுள்ள லோங் ஐலண்டில் லெவிற் குடும்பத்தினர் 1947 முதல் 1951 வரை 17,447 வீடுகளைக் கட்டி முடித்தனர். வீடு கட்டும் தொழிலை இருபத்தைந்துக்கு மேற்பட்ட படிகளாக அவர் பகுத்தனர். ஒரு குழு ஒரு படியை மட்டுமே செய்யும்; செய்து முடித்து அடுத்த வீட்டுக்கு நகரும். தொழிற்சாலையிற் பண்டம் நகர, ஆள் நிற்பான்; இங்கே வீடு நிற்க, ஆள் நகர்ந்தான். வேகம் உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளில் முப்பதுக்கு மேற்பட்ட வீடுகள் முடிந்தன. காய்வதற்காகக் காத்திருக்க வேண்டிய ஈரச் சுவரை வைத்துக்கொண்டு அவ்வாறு செய்திருக்க இயலாது. அங்குத் தொழிற்சங்கத்துக்கு இடமில்லை. கூலியும் செய்த அளவுக்கே கொடுக்கப்பட்டது. கறுப்பின மக்களுக்கு அவ்வீடுகள் விற்கப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பெருங்கட்டடங்களும் இப்பலகையை ஏற்றுக்கொண்டன. அங்கு மரத்துக்குப் பதிலாக மெல்லிய உருக்குச் சட்டங்களை நிறுத்தி, இருபுறமும் பலகை அறைவர். செங்கற் சுவரைவிட நிறை மிகக் குறைவு. ஆதலால் மாடிக்கு மேல் மாடி எழுப்பும்போது தூண்களும் அத்திவாரமும் தாங்க வேண்டிய சுமை குறைகின்றது. தீத்தடுப்புக் குணமும் அங்குப் பெரிதும் பயன்படுகின்றது. குடியிருப்போர் மாறினாற் சுவரைக் கழற்றி வேறிடத்தில் அமைக்கவும் முடியும்.

இனித் தொழிலைப் பார்ப்போம். பழைய பூச்சுக்காரனின் ஒரே தொழில் இப்போது இரண்டாகப் பிரிந்தது. பலகையைத் தூக்கி அறைபவன் ஒருவன். மூட்டை மறைப்பவன் மற்றொருவன். எட்டடி நீளமும் நாலடி அகலமும் அரை அங்குலத் தடிப்பும் கொண்ட வழமையான பலகை ஐம்பது இறாத்தலுக்கு மேல் நிறையுடையது. கூரைத்தட்டுக்கு அதனைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டே ஆணியடித்தல் வேண்டும். நாளொன்றுக்குப் பல பத்துப் பலகைகள் தூக்குவோரின் தோளும் முதுகும் என்னாகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மூட்டு வேலையும் எளிதன்று. நாடா பதித்த பின் மும்முறை களியிடுவர். ஒவ்வொரு முறையும் முன்னதைவிட அகலமாக இழுத்து, ஓரத்தை ஒன்றுமில்லாததாக மெலிதாக்கி, காய்ந்தபின் உரைத்தாளினாற் தேய்ப்பர். சுவரில் ஓட்டை விழுந்தாற் செய்யும் பழுதுபார்ப்பும் இத்தன்மையதே. உடைந்த பகுதியைச் சதுரமாக வெட்டியெடுத்து, பின்னாற் சட்டம் கொடுத்து, அளவாக ஒரு துண்டைப் பொருத்தி, நாற்புறமும் நாடாவும் களியும் இட்டுத் தேய்த்து வர்ணம் பூசுவர். எங்கே உடைந்திருந்தது என்று பின்னர் வருபவர் கேட்க வேண்டும். அதுவே வேலை நன்றாக நிறைவேறியதற்கு அடையாளம். செய்தவன் கை தெரியாதிருப்பதே செய்தவன் திறமை என்னும் தொழில் இது.

அத்தேய்ப்பினால் எழும் தூசியில் ஒரு கேடும் இருந்தது. வெடியாதிருக்கும் பொருட்டு மூட்டுக்களியில் நெடுங்காலம் அஸ்பெஸ்ரஸ் என்னும் கல்நார் கலக்கப்பட்டு வந்தது. உரைத்தாள் பட்டதும் அந்நார் காற்றிற் கலந்து தொழிலாளரின் நுரையீரலுட் புகுந்தது. அதன் நோய் வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் செல்லும். கல்நார் கலந்த பழுதுபார்ப்புக் களிகளை அமெரிக்க நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு 1977இலேயே தடை செய்தது. அதற்கு முன் எழுந்த பழைய சுவர்களைத் தேய்ப்போரும் உடைப்போரும் இன்றும் முதலிற் பரிசோதித்துப் பார்க்க வேண்டியவராயிருக்கின்றனர்.

இவ்வரலாற்றில் நாம் நின்று நோக்கவேண்டிய ஆண்டு 1992. இடம் தென் கலிபோர்ணியா.

1970கள் வரை அங்கு வீடுகளுக்குப் பலகை அறைந்தோர் பெரும்பாலும் சங்கத்திற் சேர்ந்த தொழிலாளராயிருந்தனர். கூலியோடு வைத்தியக் காப்புறுதியும் ஓய்வூதியமும் அவர்களுக்கு இருந்தன. அதன்பின் ஒப்பந்தக்காரர் ஒருவர் பின் ஒருவராகச் சங்கத்தை விட்டு விலகினர். வீடு கட்டும் கம்பனி வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கும். அவர் ஆள் பிடிப்பவர் ஒருவரிடம் மொத்தமாகப் பணத்தைக் கொடுப்பார். ஆள் பிடிப்பவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு எஞ்சியதைக் கையிற் காசாகத் தொழிலாளருக்குப் பங்கிடுவார். நம் நாட்டுத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தோர் இவரைக் கண்டதும் கங்காணியை நினைவுகூர்வர். புதிய தொழிலாளர் பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து வந்தோர். பலரிடம் குடியேற்றப் பத்திரம் இல்லை. அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் குவானகுவாற்றோ மாநிலத்தைச் சேர்ந்த எல் மாகெய் என்னும் ஒரே கிராமத்தவர். அண்ணன் தம்பியர், மாமன் மருமக்கள், ஒரே கோயிலிற் கும்பிட்டோர்.

1980களின் தொடக்கத்திற் கிடைத்த கூலி, 1992இல் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. கட்டடத் தொழில் மந்தமான வேளையில், சதுர அடிக்கு 4 அல்லது 5 சதம் என்னும் அளவுக்கு அது இறங்கியது. ஒரு பலகை 32 சதுர அடி. அதனைத் தூக்கி, அளந்து, வெட்டி, நிறுத்தி, ஆணியடித்து முடித்தால் ஒன்றரை டொலர் அளவே சேரும். காப்புறுதி இல்லை, மேலதிக நேரத்துக்குக் கூலி இல்லை. சில கிழமைகளிற் சேர்ந்த கூலியும் முழுமையாகக் கைக்கு வருவதில்லை.

தாமே பலகை அறையும் தொழிலாளராயிருந்த ஹெசூஸ் கோமெஸ் என்பவர், 1991இன் பிற்பகுதியிலிருந்து வேலைத்தளம் வேலைத்தளமாகச் சென்று ஆட்களோடு பேசினார். எந்தச் சங்கமும் அவரை அனுப்பவில்லை. ஒரே ஊரவர் என்னும் உறவே அவருக்குச் சங்கமாயிற்று. தச்சர் சங்கம் கூடுவதற்கு மண்டபம் கொடுத்து உதவியது. 1992 ஜூன் மாதத் தொடக்கத்தில் வேலைநிறுத்தம் ஆரம்பமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு வெளியேற, மெக்சிக்கோ எல்லையை அடுத்த சன் டியேகோ முதல் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு அப்பால் வரை வீடு கட்டும் வேலை தடைப்பட்டது. பலகை அறையாமல் மூட்டு வேலை இல்லை. மூட்டு முடியாமல் வர்ணம் இல்லை. வர்ணமின்றி வீட்டை விற்க முடியாது. காலத்தை மிச்சப்படுத்தவென்று வந்த பலகை, அதனைத் தூக்கும் கை நின்றதும் காலத்தையே நிறுத்திவிட்டது.

எதிர்ப்புக் கடுமையாக இருந்தது. ஜூலை மாதத் தொடக்கத்தில் ஒறேஞ்ச் மாவட்டத்தில் ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். அவர்களுட் பலர் குடியேற்ற அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டனர். ஐந்து மாத காலம் கூலியின்றி அவர் நிலைத்து நின்றது, ஊர் உறவினாலும் ஆதரவாளர் கொடுத்த அரிசி பருப்பினாலும் என்பர். ஆயினும், ஒப்பந்தக்காரரை மேசைக்குக் கொண்டுவந்ததில் ஒரு பழைய சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வாரத்தில் 40 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி கொடுத்தல் வேண்டும் என்று 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழில் நியமச் சட்டம் விதித்திருந்தது. கையிற் காசாகக் கொடுத்தோரிடம் அதற்குக் கணக்கு இல்லை. சட்டத்தரணிகள் அச்சட்டத்தைக் கொண்டு வழக்கின்மேல் வழக்காகத் தொடர்ந்தனர். வழக்கில் தோற்றுக் கட்டவேண்டி வரும் தொகையைவிட உடன்பாடே மலிவு என்று ஒப்பந்தக்காரர் கண்டனர்.

1992 நவம்பரிற் பல ஒப்பந்தக்காரர் சங்க உடன்பாட்டிற் கையெழுத்திட்டனர். கூலி பாதிக்கு மேல் உயர்ந்தது. வைத்தியக் காப்புறுதியும் கிடைத்தது. சன் டியேகோப் பகுதி மட்டும் உடன்பாட்டுக்கு வெளியே நின்றது. பத்திரமற்றோரை ஒன்றுசேர்க்க முடியாது என்று அதுவரை கூறிவந்த தொழிற்சங்கத் தலைவர்கள் தம் கருத்தை மறுபரிசீலனை செய்யத் தொடங்கியதும் இதன் பின்னரே.

நேயர்களே, சக்கற் மேல் நாம் குறை காண்பதற்கில்லை. அவர் பலகை எளியவருக்கு வீடு தந்தது. தீயிலிருந்து உயிர் காத்தது. மிச்சமான காலம் தானாக எவரிடமும் போய்ச் சேர்வதில்லை என்பதே இவ்வரலாறு கூறும் பாடம். வாரக்கணக்கான வேலை நாட்கணக்கில் முடிந்தபோது, அந்த இலாபம் வீடு வாங்கியவருக்கும் கட்டியவருக்கும் சேர்ந்தது. தூக்கியவனுக்குக் கூலி குறைந்தது. அவனுடைய பங்கை அவன் ஐந்து மாதம் வெயிலில் நின்று கேட்க வேண்டியிருந்தது.

இக்கதை நமக்குத் தொலைவானதன்று. நம் ஊர்களிலிருந்தும் இளைஞர் மத்திய கிழக்கு நாடுகளுக்குக் கட்டடத் தொழிலுக்குச் செல்கின்றனர். கத்தாரிலோ டுபாயிலோ உள்ள மாடியொன்றில் இவ்வாறான பலகையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடிக்கும் கை, யாழ்ப்பாணத்தவனுடையதாகவோ மட்டக்களப்பானுடையதாகவோ இருத்தல் கூடும். மூட்டு நன்றாக மறைந்த சுவரைக் காணும்போது, அதனை மறைத்த கையையும், அக்கைக்குச் சேரவேண்டியது சேர்ந்ததா என்பதையும் நாம் ஒரு கணம் நினைத்துப் பார்த்தல் நன்று.